ஜி.எம்.மின் கட்டைவிரல்

பந்தை இட்லிப் பானையின் வாயில் உட்கார்த்தி வைத்தால்தான் அது உருண்டு ஓடாமல் நிற்கும் என்று வெங்கடநாராயணன் கண்டுபிடிப்பதற்குள், அது சாப்பாட்டு மேஜையிலிருந்து இரண்டு தடவையும் ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒரு தடவையும் விழப் பார்த்திருந்தது. மூன்று தடவையும் ஓடிப்போய்ப் பிடித்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏன்னா, அது இட்லிப் பானை," என்றாள் காமு, சமையலறை வாசலில் நின்றபடி.

"தெரியறது."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மாவு அரைச்சு வெச்சிருக்கேன்."

"அதுக்குள்ளே எடுத்துடறேன்."

"என்னது அது, குண்டா?"

"பந்து."

"பந்துன்னா துள்ளணுமே."

இது துள்ளுகிற ஜாதி இல்லை. ஆறு கிலோவுக்கு மேல் கனம். கருநீல நிறம், பளபளவென்று இருந்தது. தலையில் மூன்று ஓட்டை. இரண்டு ஓட்டையில் இரண்டு விரல்களையும், மூன்றாவதில் கட்டைவிரலையும் நுழைத்துத் தூக்கி, வழவழப்பான நீளத் தரையில் உருட்டிவிட்டு, கடைசியில் நிற்கிற பத்துக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். இதற்குப் பெயர் பௌலிங். கல்கத்தாவில் சால்ட் லேக் பக்கம் இதற்கென்றே ஒரு கூடம் கட்டி ஏ.சி. போட்டு வைத்திருக்கிறார்கள். பந்தின் சொந்தக்காரர் வெங்கடநாராயணன் வேலை பார்க்கும் கம்பெனியின் ஜி.எம்., மல்ஹோத்ரா. ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போனபோது வாங்கி வந்தது.

அது லேக் மார்க்கெட்டில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் வெங்கடநாராயணன் வீட்டு இட்லிப் பானைக்கு எப்படி வந்தது என்றால், அதற்குக் காரணம் ஒரு கேரம் போர்டு.

நான்கு வருடங்களுக்கு முன் ஆபீஸ் ஊழியர் சங்கத்துக்கு ஒரு கேரம் போர்டு வேண்டும் என்றார்கள். நிர்வாகப் பிரிவில் இருந்த வெங்கடநாராயணன் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்த பாவம். அன்றிலிருந்து விளையாட்டு என்று எது வந்தாலும் அவர் மேஜைக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜி.எம்.மின் பி.ஏ. பட்டாபிராமன் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்கோ. காபி சொல்லட்டுமா?"

பட்டாபிராமன் தானாகக் காபி சொன்னால் வேலை வருகிறது என்று அர்த்தம். வெங்கடநாராயணன் களைப்போடு உட்கார்ந்தார். காபி வருவதற்கு முன்பே பந்து வந்துவிட்டது, ஒரு தோல் பையில்.

"அடுத்த சனிக்கிழமை சேர்மன் டில்லியிலேர்ந்து வரார். அவருக்கு இந்த ஆட்டத்திலே புதுசா பைத்தியம் பிடிச்சிருக்கு. மத்யானம் நம்ம சாரும் அவரும் ஆடறா. ஆபீஸே பாக்க வரப்போறது. சாருக்குச் சக்கரை வந்து கை இளைச்சுடுத்து. கட்டைவிரல் ஓட்டையிலே லொடலொடங்கறது. பந்து கை நழுவி சேர்மன் காலிலே விழுந்தா என்ன ஆறது?"

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ஓட்டைக்குள்ளே ஒட்டறதுக்குன்னே டேப் இருக்காம். பழசை எடுத்துட்டுப் புதுசு ஒட்டணும். சார் தன் கைப்படவே எழுதிக் குடுத்திருக்கார்."

காகிதத்தில் நான்கே வரி. வெள்ளை என்றால் சொரசொரப்பு, கறுப்பு என்றால் வழவழப்பு. ஓர் அங்குலம் அல்லது முக்கால் அங்குலம். தகுந்ததைத் தேர்ந்தெடுத்து ஒட்டவும். கீழே கையெழுத்து.

வெங்கடநாராயணன் 'தகுந்ததை' என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை படித்தார். இருபத்தேழு வருட சர்வீஸில் அவர் கற்றது இதுதான்: மேலே இருப்பவர் 'தகுந்ததை' என்று எழுதினால், எது தகாதது என்று பிற்பாடு சொல்லப்போகிறார்.

"ஸ்டோர்ஸ்லே குடுங்கோளேன்."

"ஸ்டோர்ஸ்லே இது எங்க லிஸ்ட்லே இல்லேங்கறா. மெயின்டனன்ஸ்லே இது மெஷின் இல்லேங்கறா. ஸ்போர்ட்ஸ்னா நீங்கதானே?" பட்டாபிராமன் குரலைத் தணித்தார். "இன்னொண்ணு. டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் ஒண்ணு ரெடியாயிண்டிருக்கு. ஆறு பேர், எல்லாம் அஸ்ஸாம் பக்கம்னு பேச்சு. சார் கையெழுத்துதான் பாக்கி. நான் ஒண்ணும் சொல்லலே."

ஒன்றும் சொல்லாமலே எல்லாம் புரிந்துவிட்டது. வெங்கடநாராயணனுக்கு ஐம்பத்தாறு வயது. மகள் வித்யாலக்ஷ்மிக்கு மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. காமு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்; அவளால் வேலையை விட்டு வர முடியாது. வெங்கடநாராயணன் தனியாகப் போனால் வெந்நீர் வைக்கத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கல்கத்தாவை விட்டுப் போகக் கூடாது என்பதற்காகவே இரண்டு தடவை பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த மனிதர் அவர். அவர் கேட்பதெல்லாம் இன்னும் நாலு வருடம் இதே நாற்காலி, இதே மெட்ரோ, இதே லேக் மார்க்கெட் காபிப் பொடி. அதற்காக ஒரு கட்டைவிரல் ஓட்டையைச் சரி பண்ண வேண்டும் என்றால் பண்ண வேண்டியதுதானே.

சனிக்கிழமை காலையில், வித்யாவின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்துப் பழைய டேப்பைச் சுரண்ட ஆரம்பித்தார். டேப் பொடிப் பொடியாக வந்தது. பசை வரவில்லை. எத்தனை வருடத்துப் பசையோ, ஓட்டையின் ஒரு பக்கம் முழுக்கப் பழுப்பாகப் படிந்து, தொட்டால் விரலோடு வந்து மறுபடி உள்ளே போனது.

"அது கிடக்கட்டும். மேலேயே புதுசை ஒட்டிடலாம்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். களைத்த மனிதர்கள் செய்யும் தப்பெல்லாம் இப்படித்தான் தொடங்கும்.

கரியாஹாட்டில் ஒரு ஸ்டேஷனரி கடைக்காரர் சிரத்தையாக எட்டு வகை டேப்பைக் கடை மேஜைமேல் பரப்பினார்.

"எதுக்கு தாதா?"

"கட்டைவிரலுக்கு."

"காயமா?"

"இல்லை. பந்துக்குள்ளே ஒட்டணும்."

"கட்டைவிரலுக்கா, பந்துக்கா?"

"பந்துக்குள்ளே, கட்டைவிரலுக்கு."

கடைக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எட்டையும் ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்தார். அடுத்த கடையில் கேட்கும்படி மரியாதையாகச் சொன்னார். அடுத்த கடையில் கிடர்பூருக்குப் போகச் சொன்னார்கள். கப்பலில் வருகிற சாமான் எதுவானாலும் அங்கே கிடைக்குமாம்.

கிடர்பூருக்கு இரண்டு பஸ் மாறிப் போனார். சந்துக்குள் சந்தாகப் போனதில், வெளிநாட்டு சென்ட்டும் ஷேவிங் கிரீமும் விற்கிற ஒரு கடையில், ஒரு ஆள் கேள்வியே கேட்காமல் ஒரு சுருளை எடுத்து நீட்டினான். வெள்ளை நிறம். அகலம் ஓர் அங்குலம். அட்டையில் ஏதோ தூர தேசத்து எழுத்து.

"இது பௌலிங் டேப்தானா?"

"அதேதான் தாதா. அசல் சாமான். ஒட்டினா ஒட்டினதுதான்."

வீட்டுக்கு வந்து ஒரு துண்டு வெட்டி ஓட்டைக்குள் ஒட்டினார். மேலே ஒரு மெல்லிய காகிதம் இருந்தது. அதை உரிக்க வேண்டும் போலிருக்கிறது என்று உரித்தார். பிறகு பதமாக இருக்கிறதா என்று தன் கட்டைவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"நன்னா ஒட்டறதா?" என்று காமு கேட்டாள்.

"ஒட்டறது."

"அப்பறம் என்ன, எடுத்து வைங்கோ. சாப்பிடலாம்."

"விட மாட்டேங்கறது."

அது இரண்டு பக்கமும் பசை உள்ள டேப். ஒரு பக்கம் பந்தையும் மறுபக்கம் வெங்கடநாராயணனையும் பிடித்துக்கொண்டது. இழுத்தார். திருகினார். பந்தைக் கட்டிலில் வைத்து, காமு பந்தைப் பிடித்துக்கொள்ள, அவர் எதிர்ப்பக்கம் இழுத்தார். விரல் மட்டும் சிவந்தது. கடைசியில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் மோர் சாதம் சாப்பிட்டார். பந்து ஒரு பக்கம் கனத்ததால் உடம்பு சாய்ந்தே இருந்தது. வித்யா பாடப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, என்ன பண்ணுகிறாய் என்று வங்காளியில் கேட்டாள்.

"அப்பா, கீ கொர்ச்சோ?"

"டிரான்ஸ்ஃபர் ஆகாம பாத்துண்டிருக்கேன். நீ படி."

"தேங்காய் எண்ணெய் விட்டாத் தானா வந்துடும்," என்றாள் காமு. "பலாப்பழப் பசைக்கே வரும்."

ஜனவரி மாதம். கல்கத்தாக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து கிடந்தது. காமு ஒரு கரண்டியில் சுரண்டி எடுத்து, அடுப்பில் காட்டி உருக்கி, விரலைச் சுற்றி ஊற்றினாள். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வெங்கடநாராயணன் ஜன்னல் பக்கமாக எழுந்து நின்று, வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று கையைத் தூக்கிய வினாடியில் விரல் வழுக்கிக்கொண்டு வந்தது. பந்து மட்டும் கீழே போனது.

நல்லவேளை, காலில் விழவில்லை. தரையில் விழுந்து, கட்டிடம் முழுக்க ஓர் அதிர்வை அனுப்பிவிட்டு, இரண்டு மூன்று சுற்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி அடித்தது.

கீழ் வீட்டு மித்ரா பாபு நின்றார். மருந்துக் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு தட்டு. தட்டில் மீன் குழம்பு. குழம்பின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கூரைச் சுண்ணாம்பு.

"வெங்கட் பாபு, இது என்ன?"

வெங்கடநாராயணன் மன்னிப்புக் கேட்டார். காமு மன்னிப்புக் கேட்டாள். சைவக் குடும்பத்தில் மீனுக்கு என்ன பதில் கொடுப்பது என்று தெரியாமல், மறுநாள் இட்லி அனுப்புவதாகச் சொன்னாள். ஆனால் மித்ரா பாபுவின் கோபம் அதற்குள் போய்விட்டது. அவர் கண் பந்தின் மேல் விழுந்திருந்தது. பசை என்றதும் முகமே மலர்ந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் யாரும் ரசாயனம் பற்றிக் கேட்டதே இல்லை போலும்.

"எண்ணெயா விட்டீங்க? தப்பு. இப்போ பசையும் இருக்கு, எண்ணெயும் இருக்கு. முதல்ல எண்ணெயை எடுக்கணும்."

"எண்ணெய்க்கு சீயக்காய்தான்," என்றாள் காமு.

சீயக்காய்ப் பொடி போட்டுத் தேய்த்தார்கள். அது எண்ணெயைக் குடித்து, பசையோடு சேர்ந்து, பச்சைக் களிமண்ணாக ஓட்டையை அடைத்துக்கொண்டது. முன்பு லொடலொடத்த ஓட்டையில் இப்போது சுண்டுவிரல்கூட நுழையவில்லை. வெந்நீர் விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்ததில் களிமண் போய்விட்டது. பசை போகவில்லை.

"பார்த்தீங்களா? இதுக்கு ஒரே வழி அசிட்டோன்," என்றார் மித்ரா பாபு. "வீட்டிலேயே இருக்கும். நகப் பாலிஷ் எடுக்கிற மருந்து."

எல்லோரும் வித்யாவைப் பார்த்தார்கள்.

"ஒரு பாட்டில் முழுக்கவா? ஈஷ் அப்பா, போன வாரம்தான் வாங்கினேன்."

பாட்டில் முழுக்கப் போயிற்று. மித்ரா பாபு தம் கையாலேயே பஞ்சை நனைத்து நனைத்துத் துடைத்தார். பசை கரைந்து பஞ்சோடு வந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அதற்கப்புறமும் பஞ்சில் ஏதோ வந்துகொண்டே இருந்தது. கருநீலமாக வந்தது.

"இது பசை இல்லையே," என்றார் வெங்கடநாராயணன்.

மித்ரா பாபு பஞ்சை முகர்ந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இந்தப் பந்து எதால செஞ்சதுன்னு முதல்லேயே கேட்டிருக்கணும்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மீன் ஆறுகிறது என்று கீழே போனார்.

பந்தே கரைந்துகொண்டிருந்தது. ஓட்டையின் உள்பக்கம் முழுக்க இப்போது பாகு பதம். பழைய பசையாவது ஒரு பக்கம்தான் இருந்தது. இது நாலாபக்கமும் ஒட்டியது. வெங்கடநாராயணன் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அஸ்ஸாமில் தனியறை, தனி அடுப்பு, அதில் தான் வைக்கிற வெந்நீர் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன.

"ஏன்னா, கேரம் போர்டு வழுக்கலேன்னா என்ன பண்ணுவா?" என்று காமு கேட்டாள்.

"பவுடர் போடுவா."

"அதைப் போடுங்கோ."

முகப் பவுடர் தீர்ந்திருந்தது. காமு சுவாமி அலமாரியிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். "பழனி விபூதி. நைஸா இருக்கும்," என்று சொல்லி, ஓட்டைக்குள் ஒரு கை போட்டுச் சுற்றிலும் அப்பினாள்.

என்ன ஆச்சரியம், ஒட்டுவது நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க மொட்டை மாடியில் வெயிலில் வைத்து, சாயங்காலம் பனிக்காற்றில் ஆற வைத்ததும் உள்ளே கெட்டியாகக் காய்ந்திருந்தது. அதற்கு மேல், மருந்துக் கடையில் வாங்கிய வெள்ளைப் பிளாஸ்திரியை ஓர் அங்குலத்துக்கு அளந்து வெட்டி ஒட்டினார். வெள்ளை. சொரசொரப்பு. ஓர் அங்குலம். காகிதத்தில் இருந்தபடியே. விரல் உள்ளே போனது, வெளியே வந்தது. இருபது தடவை விட்டுப் பார்த்தார். இருபது தடவையும் வந்தது. காமு கொழுக்கட்டை செய்து பிள்ளையாருக்கு வைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஜி.எம். தம் ஏ.சி. அறையில் கட்டைவிரலை விட்டுப் பார்த்துவிட்டு, "குட்," என்றார். அந்த ஒரு வார்த்தையோடு வெங்கடநாராயணன் ஐந்து நாள் நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை மத்தியானம் சால்ட் லேக் கூடத்தில் ஆபீஸே திரண்டிருந்தது. சேர்மன் குட்டையாக, தொப்பையோடு, புத்தம்புது விளையாட்டுச் சட்டையில் இருந்தார். அவர் வீசிய முதல் பந்து தயங்கித் தயங்கிப் போய், மூன்று கட்டையைச் சாய்த்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

ஜி.எம். வந்தார். நாலு எட்டு வைத்து, குனிந்து, ஒரே வீச்சு. பத்துக் கட்டையும் படாரென்று விழுந்தன. எல்லோரும் முதலில் சேர்மன் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு கை தட்டினார்கள். வெங்கடநாராயணன் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினார். தன் பிளாஸ்திரி, தன் ஓர் அங்குலம். பக்கத்தில் நின்ற பட்டாபிராமனின் தோளைப் பெருமையாகத் தொட்டார்.

நாலைந்து வீச்சு ஆனதும் ஜி.எம்.மின் கை சூடாயிற்று. சூட்டில் என்ன நடக்கும் என்று ஒருவரும் யோசித்துப் பார்க்கவில்லை. எங்கோ மிச்சம் உறைந்திருந்த தேங்காய் எண்ணெய் உருகியது. அது பிளாஸ்திரியை இளக்கியது. பிளாஸ்திரிக்கு அடியில் விபூதி குழைந்தது. விபூதிக்கு அடியில் காத்துக்கொண்டிருந்த பாகு மேலே வந்தது.

ஆறாவது வீச்சில் ஜி.எம். நாலு எட்டு வைத்துக் குனிந்து வீசினார். பந்து புறப்பட்டது. விரல் விடவில்லை. பந்து போன திசையில் ஜி.எம்.மும் போனார். தாண்டக் கூடாத கோட்டைத் தாண்டி, எண்ணெய் பூசிய தரையில் சறுக்கிக்கொண்டே பத்தடி போய் உட்கார்ந்தார். கோட்டைத் தாண்டியதற்காக எங்கேயோ ஒரு மணி விடாமல் அடித்தது. இரண்டு பேர் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்திப் பந்தைத் திருகிக் கழற்றினார்கள். கட்டைவிரல் நரைத்துப் போய் வெளியே வந்தது.

அடுத்த தடவை பந்து தாமதமாக விட்டதால், உருளாமல் எழும்பி, பக்கத்துத் தடத்தில் யாரோ ஒரு குடும்பம் ஆடிக்கொண்டிருந்த இடத்தில் இறங்கியது. அதற்கடுத்த தடவை பின்பக்கமாக வந்தது. மொத்த நிர்வாகப் பிரிவும் நாற்காலி மேல் ஏறி நின்றது. சேர்மன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரிப்புக்கு நடுவில் இரண்டு கட்டை, நாலு கட்டை என்று சாய்த்துக்கொண்டே போய், பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். கோப்பையை வாங்கிக்கொண்டு ஜி.எம்.மின் தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்ததும் ஜி.எம். தம் கட்டைவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். தேங்காய் எண்ணெய், சீயக்காய், விபூதி மூன்றும் கலந்து அடித்திருக்க வேண்டும்.

"டேப் போட்டது யார்?"

பட்டாபிராமன் வாயால் சொல்லவில்லை. விரலால் காட்டினார். ஜி.எம். வெங்கடநாராயணனை நீண்ட நேரம் பார்த்தார். "ஹ்ம்," என்று சொல்லிவிட்டுச் சேர்மனோடு காரில் ஏறிப் போனார்.

அன்று வீட்டுக்கு வந்து வெங்கடநாராயணன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். காமு நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"அஸ்ஸாம் குளிர்லே மாவு புளிக்குமோ?"

"எனக்கென்ன தெரியும்?"

"ரவா உப்புமா கத்துக் குடுத்துடறேன். அது சுலபம்."

திங்கட்கிழமை அவர் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஜி.எம். அறைக்குப் போனார். ஜி.எம். யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "நீங்களா? உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்," என்று சொல்லி, வெளியே போகும்படி கையைக் காட்டினார். மன்னிப்பு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. செவ்வாயும் புதனும் அவர் ரவா உப்புமா கிண்டிப் பழகினார். இரண்டு நாளும் அடிப்பிடித்தது.

வியாழக்கிழமை மத்தியானம் நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஒட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு, அவசரமே இல்லாதவர் போல மெல்லப் போய்ப் படித்தார். முதல் ஆறு பேரும் அஸ்ஸாம். அவர் பேர் அதில் இல்லை. மனது லேசாகி மூச்சை விடுவதற்குள் ஏழாவது வரி கண்ணில் பட்டது. வெங்கடநாராயணன். டில்லி, தலைமை அலுவலகம். பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும்.

நேராகப் பர்சனல் பிரிவுக்குப் போனார். ஆர்டர்களை எல்லாம் டைப் செய்கிற பூங்கோதை, அவரைப் பார்த்ததும் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஜாம்ஷெட்பூரில் வளர்ந்த பெண், மரியாதை தெரிந்தவள்.

"உக்காருங்க சார். தண்ணி குடிக்கிறீங்களா? உங்க ஆர்டர் காப்பி இங்கதான் இருக்கு, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

வெங்கடநாராயணன் பேனாவை எடுத்தார்.

"பொண்ணுக்கு மார்ச்சுலே பரீட்சைம்மா. வேற ஒண்ணும் இல்லே. அவரை அத்தனை பேர் நடுவுலே தோக்க வெச்சேன். தண்டனை குடுக்கறார். வாங்கிக்க வேண்டியதுதான்."

பூங்கோதை அவரை ஆச்சரியத்தோடு பார்த்தாள்.

"தண்டனையா? ஆறு பேர் லிஸ்ட்ல உங்க பேரே இல்ல சார், ஜி.எம்.முக்கு டில்லிக்கு புரமோஷன் வந்துருச்சு, நேத்து என்னைக் கூப்பிட்டு, 'இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை சேர்மனோட ஆடணும், அந்த மனுஷன் இல்லாம நான் எப்படித் தோக்கறது'ன்னு சொல்லி, அவரே தன் கையால உங்க பேரைச் சேர்த்தாரு."